கப்பலில் வந்துபோன தம்பிக்கு

ஸ்டவாங்கர், நார்வே,
ஜூலை, வெள்ளிக்கிழமை

அன்புத் தம்பி ஓஸ்மண்டுக்கு,

அக்கா தோர்டிஸ் எழுதுவது. நீயும் ஷெரிலும் நல்லபடியாக ஃப்ளோரிடா போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நாங்கள் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம், ஆனால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி இல்லை. முழுக்கப் படி.

பதினோரு வருடம் கழித்து ஊருக்கு வருகிறாய். அதுவும் சுற்றுலாக் கப்பல்காரன் சொன்ன கிழமையில், அவன் விட்ட நேரத்துக்குள். சரி, இப்படியாவது வருகிறானே என்று முதல் நாளே உருளைக்கிழங்கு துருவி, உனக்குப் பிடித்த கொம்லே உருண்டை உருட்ட ஆரம்பித்தேன். விரல் தோல் போனதுதான் மிச்சம். அதோடு சேர்த்து வேகவைக்க உப்புப் போட்ட ஆட்டுக்கறிக்கு ஊரெல்லாம் அலைந்தேன், கோடையில் யார் விற்கிறார்கள்? அப்பா காலையிலேயே சவரம் செய்து, கல்யாணங்களுக்குப் போடும் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். "புழுங்குது, கழட்டுங்கப்பா" என்றால், "உன் வேலையப் பாரு" என்கிறார்.

நீ இருந்த காலத்தில் இவ்வளவு பெரிய கப்பல்கள் கிடையாது. இப்போது ஒன்று வந்து நின்றால் நம் கூரைக்கு மேலே இன்னொரு ஊர் நிற்கிறது. இறங்கி வருகிறவர்கள் என் ரோஜாச் செடியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்கிறார்கள். போன மாதம் ஒரு பெண்மணி கதவைத் திறந்து உள்ளேயே வந்து, மியூசியத்துக்கு டிக்கெட் எங்கே வாங்க வேண்டும் என்று கேட்டாள். நான் வாயில் பல் பிரஷ்ஷோடு நிற்கிறேன். இதெல்லாம் பழகிவிட்டது. உன்னைத்தான் பொறுக்க முடியவில்லை.

துறைமுகத்தில் காத்து நின்றேன். இறங்கி வந்தாய், கட்டிக்கொண்டாய், சந்தோஷம். அடுத்த வார்த்தை என்ன சொன்னாய்? "அக்கா, முதல்ல டூர் முடிச்சிட்டு வந்துடறோம். ஷெரில் அப்பவே புக் பண்ணிட்டா." பிறந்து வளர்ந்த ஊரைச் சுற்றிப் பார்க்க டூர்! "டேய், அவங்க காட்டப்போற தெருவுலதான்டா நம்ம வீடு இருக்கு" என்றேன். "அதான் அக்கா, எப்படியும் அந்த வழியாத்தான கூட்டிட்டு வருவாங்க" என்றாய். எனக்குச் சிரிப்பதா அறைவதா என்று தெரியவில்லை.

கூட்டிக்கொண்டுதான் வந்தார்கள். முன்னால் கொடி பிடித்த பெண், பின்னால் காதில் கருவி மாட்டிய கூட்டம், அதில் சட்டையில் பதினேழு என்ற வில்லையோடு நீ. மத்தி மீனை டப்பாவில் அடைத்த ஆலைப் பெண்கள் இந்த மாதிரி வீடுகளில்தான் வாழ்ந்தார்கள் என்று அவள் விளக்க, நீ தலையாட்டிக் கேட்கிறாய். அந்த ஆலைப் பெண்களில் ஒருத்தியான நம் அம்மாவின் பாலைக் குடித்தவன்தானே நீ? யாரோ ஒரு ஆள் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்து அப்பாவை எட்டிப் பார்த்தான். அவன் தோளுக்குப் பின்னாலிருந்து நீ வீட்டைப் படம் பிடித்தாய். வாசலில் நின்ற எனக்குக் கையை ஆட்டிவிட்டு, கூட்டத்தோடு தேவாலயம் பார்க்கப் போனாய். அப்பா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

கடைசியில் பைகளோடு ஓடி வந்தபோது கப்பல் கிளம்ப ஒரு மணி நேரம்கூட இல்லை. அப்பா எழுந்து நின்றார். கை கொடுத்தார். ஆங்கிலத்தில், "ஐயா எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்? எங்கள் ஊர் பிடித்திருக்கிறதா?" என்று கேட்டார்.

உன் முகம் வெளிறியதைப் பார்த்தேன். அடுப்படிக்கு வந்து, "அப்பாவுக்கு எப்பலேருந்துக்கா இப்படி? எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று அழுதாய். ஷெரில் பாவம், அவர் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையிடம் பேசுவதுபோல நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அவரும் மரியாதையாகத் தலையசைத்தார். பாதிக் கொம்லேயில் கப்பல் ஊதியது. ஓடினீர்கள்.

தம்பி, அப்பாவுக்கு ஞாபகம் ஒன்றும் போகவில்லை. ரேடியோவில் கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிற மனிதர். உன்னைத் தெரிந்தேதான் அப்படிப் பேசினார்.

கப்பல் போனதும் கத்திவிட்டேன். "ஏம்பா இப்படிப் பண்ணீங்க? புள்ள அழுதுட்டுப் போறான்!"

"சுத்திப் பாக்க வந்தவங்ககிட்ட அப்படித்தான பேசணும்" என்றார். அதோடு சாப்பிடவும் இல்லை. வயதுக்கேற்ற புத்தி உங்கள் இரண்டு பேரில் யாருக்கும் இல்லை. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

கோட்டைக் கழற்ற உதவும்போது, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "படி ஏறறப்ப இடது கால இழுத்து இழுத்து வெச்சானே, கவனிச்சியா? அங்க யார்கிட்டயாவது காட்டறானான்னு கேளு."

நான் கவனிக்கவில்லை. உன் மனைவி கவனித்திருக்கிறாளா?

போன மாதம் ஆஸ்பத்திரிக்கு அவரைக் கூட்டிப் போயிருந்தேன். ஒன்றுமில்லை, வயசுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அதை இதில் எழுத மாட்டேன். மாடி அறையில் படுக்கையை உதறிப் போட்டிருக்கிறேன். இலையுதிர்காலம் வரை தள்ளிப்போடாதே. விமானத்தில் வா, திரும்பும் தேதி போடாமல் வா.

கால் எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதாதே. அவருக்கு எழுது. நம் மொழியில் எழுது.

இருவரும் சுகமாக இருங்கள்.

உன் மேல் தீராத கோபத்துடன்,
அக்கா தோர்டிஸ்