பாதியில் நின்ற ரேடியோப் பேச்சு

பூந்தமல்லி
20-11-1944

அன்புள்ள சாமுண்டீஸ்வரிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். நீயும் குழந்தையும் சுகந்தானே? அவளுக்கு இருமல் நின்றதா?

பஞ்சாயத்து ரேடியோவைத் தினமும் சாயங்காலம் போடுவது என் வேலை அல்லவா? ரேடியோப் பெட்டி அறைக்குள் இருக்கும், ஜனங்கள் ஜன்னலுக்கு வெளியே. ஒரு நாள் ரேஷன் பற்றிப் பேச்சு, மறுநாள் பெண்கள் படிப்பு. கேட்டுவிட்டு வெளியே சண்டை போடுவார்கள். போன செவ்வாயன்று, பட்டாளத்துக்குப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று ஒருவர் பேச ஆரம்பித்தார். பாதியில் பாட்டரி தீர்ந்துவிட்டது. வெளியே அத்தனை பேர் காத்து நின்றார்கள். குரலைக் கனமாக்கி, மீதியை நானே உள்ளிருந்து பேசிவிட்டேன்: "பொங்கலுக்குள் எல்லோரும் வீடு வந்து சேருவார்கள்."

சிரிக்காதே. கரையான்சாவடி வடிவுக்கு, பட்டாளத்துக்குப் போன புருஷனிடமிருந்து எட்டு மாதமாகக் கடிதம் இல்லை. நேற்று வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாள். "ரேடியோவே சொல்லிட்ச்சி அண்ணாத்தே, இன்னும் இன்னா சந்தேகம்?" என்றாள். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. இன்று அவள் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தேன்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. குழந்தையின் உயரத்துக்கு ஒரு நூலை அளந்து கடிதத்தில் வை. லீவு கேட்டால், யுத்தம் முடியட்டும் என்கிறார்கள்.

தபால் கட்டும் நேரமாகிவிட்டது. எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தாயே. பொங்கலுக்குள் வந்து சேருவேன்.

உலகநாதன்