அந்த ஒரு ஓட்டு

ஜனவரி 20, 1965
பாட்டு விழாவுக்கு ஓட்டுப் போட எங்கள் ஊரில் பதினைந்து பேரைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருக்கிறார்கள். என் பெயரும் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற லத்தீன் வாத்தியாருக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும்? மறுத்துவிடலாமா? மறுக்கவும் பயம்.

ஜனவரி 23
சவரத்துக்குப் போனேன். சவரக்கடை செத்திமியோவையும் எடுத்திருக்கிறார்களாம். கத்தியை என் கழுத்தில் வைத்துக்கொண்டே, "வாத்தியாரே, விழாவுல பாடுற லாம்பெர்த்தோ நம்ம ஊர்க்காரன். ஓட்டு அவனுக்குத்தான், என்ன?" என்றார். நான் அசையவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 31
நேற்று நகராட்சி மண்டபத்தில், தொலைக்காட்சி முன்னால் நாங்கள் பதினைந்து பேர். லாம்பெர்த்தோ கைகளை விரித்து அம்மாவைப் பற்றிப் பாடினான். நன்றாகத்தான் இருந்தது. பிறகு ஈவெத்தா என்றொரு பெண், தொண்டை கட்டிய குரலில். பாட்டு 'நனைந்த காலணி'. மழையில் ஓடி வந்தவள் காதலன் வீட்டு வாசலில் காலணியைக் கழற்றி உதறுகிறாள் — அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இந்த வயதில் இதென்ன கூத்து? சீட்டில் அவள் பெயரை எழுதி நாலாக மடித்தேன்.

ஓட்டு எண்ண வந்த நோட்டரி எங்கள் ஊர் முடிவைத் தொலைபேசியில் உரக்கச் சொன்னார். லாம்பெர்த்தோவுக்குப் பதினாலு. ஈவெத்தாவுக்கு ஒன்று.

செத்திமியோ எழுந்துவிட்டார். "எவன்யா அந்தத் துரோகி?"

நான் குனிந்து ஷூ லேஸைக் கட்டினேன்.

எல்லா ஊர் ஓட்டையும் கூட்டியபோது விழாவில் அவளுக்குக் கடைசி இடம்.

பிப்ரவரி 2
மருந்துக்கடை எர்மெத்தே மேல் சந்தேகமாம். பாவம். நான்தான் என்று நாளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 3
சொல்லவில்லை.

மார்ச் 19
நீவெஸின் காப்பிக்கடையில், காசு போட்டால் பாடும் பாட்டுப் பெட்டியில் ஈவெத்தாவின் இசைத்தட்டு! கோப்பை கழுவிக்கொண்டே நீவெஸ் சொல்கிறாள்: "கடைசியா வந்த பாட்டாம். நாக்க விட்டுப் போவேனாங்குது." காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

மே 15
நாடு முழுக்க இந்த வாரம் 'நனைந்த காலணி'தான் விற்பனையில் முதலிடம். பத்திரிகையை மூன்று முறை படித்தேன். அச்சுப் பிழையோ?

நீவெஸ் கடையில் செத்திமியோ மார்தட்டிக்கொண்டிருந்தார். "அன்னிக்கே தெரியும். அந்த ஒரு ஓட்டு நான் போட்டது."

"போய்யா," என்றார் எர்மெத்தே. "என்னைத்தானே சந்தேகப்பட்டே? சரியாத்தான் பட்டே."

எழுந்தேன். நாற்காலி விழுந்தது. "அது என் ஓட்டு." என் குரலா அது, அவ்வளவு சத்தமாக?

"வாத்தியாரும் ஆரம்பிச்சுட்டாருய்யா!" என்றார் செத்திமியோ.

கடையே சிரித்தது. நீவெஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஐயா, நீங்க காப்பிக்குச் சக்கரை கேக்கவே அரை நாள் யோசிப்பீங்களே."

ஒருவரும் நம்பவில்லை. ஆனால் சொல்லிவிட்டேன், சொல்லியேவிட்டேன். சட்டைப்பைச் சில்லறையோடு பாட்டுப் பெட்டிக்குப் போனேன். அவள் பாட்டு நாலாவது முறை ஓடும்போது செத்திமியோ கும்பிட்டார். "போதும் வாத்தியாரே, நம்புறோம்."

இன்னொரு காசு போட்டேன்.