மாலாவின் ரயில் ஓடும் தண்டவாளம்

செவ்வாய்க்கிழமை, செமோர், மலேசியா.

லண்டனில் சுரங்க ரயில் ஓட்டும் என் மகள் மாலா போனில் ஒன்று சொன்னாள். ஊர் ஓரத்தில் அவள் ரயிலும் பெரிய ரயிலும் ஒரே தண்டவாளத்தில் ஓடுமாம். ஆனால் தண்டவாளம் பெரிய ரயில்காரர்களுடையதாம்.

“அங்க உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பொறுப்பு?” என்றேன்.

“ஏம்பா! ரெண்டு பேரும் பேசித்தான் வச்சிருப்பாங்க லா,” என்று சிரித்தாள்.

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தண்டவாளம் பெரிய தண்டவாளத்தோடு சேரும் இடத்தில்தான் என் அண்ணனுக்குக் கால் போனது. தோட்டத்தை நடத்திய துரை அதை ரயில்வே இடம் என்றார். ரயில்வேக்காரர் தோட்டத்து இடம் என்றார். அதைச் சொன்னதும் மாலா சிரிப்பை நிறுத்தினாள்.

“நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்பா.”

தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் எந்தச் சிலிப்பர் கட்டையோடு ஒருவர் இடம் முடிகிறது என்றும் கேட்கச் சொன்னேன். எங்களுக்கு அதை யாரும் காட்டவே இல்லை.