எந்தப் பக்கம் ஆப்பிரிக்கா

என் புட்டூஸ் கண்ணே,

ஆண்டவர் என்னை இன்னும் எழுப்பி நடக்கவிடுகிறார், உன்னையும் ஆப்பிரிக்க மண்ணில், அக்ராவில் ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். தந்தி கிடைத்திருக்கும். அடக்கத்துக்கு வர முடியவில்லையே என்று மனதை வருத்திக்கொள்ளாதே, கப்பல் என்ன பறந்தா வரும். உன் அப்பாவை நல்லபடியாகத்தான் அனுப்பிவைத்தோம், ஆனால் ஒரு கூத்து நடந்தது, அதை உன்னிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

என் காலை ஆப்பிரிக்காவைப் பார்த்து நீட்டிப் புதை ஐவி, எழுந்ததும் நேரே நடந்துவிடுவேன், இனி எவன் என் பாஸ்போர்ட்டைப் பிடுங்குவான் என்று சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடினார். மாஸ் ஸீக் காலையிலேயே ஆட்களோடு வந்து, மண்ணுக்கு ரம் ஊற்றிக் கும்பிட்டு, வாழைத்தோட்டத்து ஓரம் நம் தாத்தாமார் கல்லறைக்குப் பக்கத்தில் குழி வெட்டினார். வெட்டினது கடலைப் பார்த்து. சந்தை மேடையில உன் புருசன் ஓபி கையை நீட்டி அதோ நம்ம தாய்மண்ணுன்னு கடலைத்தானே காட்டுவான், எனக்கா தெரியாது என்றார். முடிக்கும் நேரத்தில், ஆப்பிரிக்காவுக்கே திரும்புவோம் என்கிற நம் சங்கத்து மிஸ் வர்னிஸ் பள்ளிக்கூடத்து உலக உருண்டையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். ஐயோ மாஸ் ஸீக், நம்ம தீவுல இருந்து இப்படியே வடக்கே போனா கியூபா, சுருட்டு வாங்கவா அவரை அனுப்புறீங்க, ஆப்பிரிக்கா சூரியன் உதிக்கிற பக்கம் என்றாள். அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, உருண்டையில எந்தப் பக்கம் போனாலும் எல்லா ஊரும் வரும், போடி டீச்சர் என்றார். துக்க வீடென்பது மறந்து எல்லாரும் சிரித்துவிட்டார்கள், நானும்தான். ஆனால் அவள் சிரிக்கவில்லை. அந்த மனுசன் உயிரோட போக முடியல, செத்தாவது சரியான பக்கம் போக வேண்டாமா மிஸ் ஐவி என்று என் கையைப் பிடித்து அழுதாள். வெட்டின குழியை வெறுமே மூடினால் அது அதே வீட்டில் இன்னொரு ஆளைக் கேட்கும் என்று உனக்குத் தெரியாததா. எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு உருண்டையும் தெரியாது வரைபடமும் தெரியாது. அந்தச் சந்தை மேடையில் உன் அப்பா கல்லடி பட்டது தெரியும், அங்கிருந்தே சிறைக்கு இழுத்துப்போனது தெரியும், அவர் கையை நீட்டினதும் கப்பல்துறையில் மூட்டை சுமந்து கூன்விழுந்த ஆட்கள் திரும்பிப் பார்த்து நிமிர்ந்து நின்றது தெரியும். அவர் காட்டின பக்கமே போகட்டும் என்றேன். பாடிக்கொண்டே இறக்கினோம். மிஸ் வர்னிஸ் இன்னும் என்னோடு பேசவில்லை, நீ அவளுக்கு இரண்டு வரி எழுது.

கொசுவலை இல்லாமல் படுக்காதே, தண்ணீரைக் காய்ச்சிக் குடி. அப்பாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உன் தலைமேல் இருக்கட்டும். அவ்வளவு புத்தகம் படித்த மனிதருக்குத் திசை தெரியாமலா இருந்திருக்கும், தெரிந்தேதான் கடலைக் காட்டினாரா புட்டூஸ்?

உன் அம்மா
ஐவி