கொசுறுச் சங்கு

5 ஜனவரி 2025, ஞாயிறு

வாயிற்கதவின் கீலுக்கு எண்ணெய் விட்டேன். கீச்சிடுவது நின்றது. அந்த நிம்மதி அரை மணி நேரம்கூட நீடிக்கவில்லை, லிங்கராஜ் வந்துவிட்டான்.

காலமான என் தம்பியின் ஒரே மகன். அப்பன் விட்டுப்போன மளிகைக் கடையை மூடிவிட்டு ஒரு வேனும் லைஃப் ஜாக்கெட்டுகளும் வாங்கியிருக்கிறான். ஞாயிறுதோறும் குடும்பம் குடும்பமாக ஆட்களைத் துறைமுகச் சாலையிலேயே போய்விடக்கூடிய முயல் தீவுக்கு அழைத்துப்போய், பாறை இடுக்குகளில் தேங்கும் கடல்நீரில் நண்டும் மீனும் காட்டி, சோறு போட்டுத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறானாம். ‘குடும்ப சாகச உலா’ என்று பெயர். அவன் மனைவி அனுசியாவின் நகை முழுவதும் அந்த வேனாக மாறித் தெருவில் நிற்கிறது.

“எல்லாரும் இது என்ன, அது என்னன்னு கேக்காவ அத்த. எனக்குப் பருப்பு வெரைட்டிதான் தெரியும். நீங்க எம்.எஸ்ஸி. விலங்கியல். ஒரு வாரம் வந்து பாருங்களேன்.”

எழுபத்து மூன்று வயதில் சாகசம். மாட்டேன் என்றேன். போகும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

12 ஜனவரி, ஞாயிறு

போனேன். போயிருக்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட்டில் முந்தைய பத்துப் பேரின் வியர்வை உறைந்திருந்தது. அதைக் கழற்றிவைத்த பிறகும் என் சேலையில் அந்த வாடை தங்கிவிட்டது. முழங்கால் அளவுத் தண்ணீருக்கு அது எதற்கு என்றும் புரியவில்லை. இறங்கிய கால் நாழிகைக்குள் ஒரு ஒலிபெருக்கி அலறத் தொடங்கிற்று. ஒரு தகப்பன் பல் துலக்காமல் வந்திருக்கிறார். கடலிலேயே வாய் கொப்பளித்துத் துப்பினார். அதே நீரில் இரண்டடி தள்ளி அவர் மகள் குடைந்தாடிக்கொண்டிருந்தாள். உடைமரத்தடியில் அவித்த முட்டையின் ஓடுகள், மயோனைஸ் வழியும் காகிதத் தட்டுகள், சுருட்டி எறிந்த குழந்தை டயப்பர் ஒன்று. டயப்பரின் மேல் ஒரு காகம்.

கடல் அட்டையொன்றைச் சிறுவர்கள் பிதுக்கினார்கள். அது தன் குடலை வெளியே கக்கிற்று. “ஐயே!” என்று கூவிவிட்டு, அதே கையால் பிரியாணி தின்றார்கள். கையைக் கழுவச் சொன்னேன். “கடல் தண்ணியிலதான இருந்துச்சு, சுத்தந்தான் பாட்டி” என்றான் ஒருவன். நான் அவனுக்குப் பாட்டி அல்ல. அதையும் சொன்னேன்.

வேனுக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

16 ஜனவரி, வியாழன்

காணும் பொங்கல். ஊரே தீவுக்குப் போயிற்று. நான் போகவில்லை. மாலையில் திரும்பிய கூட்டம் தெருவெல்லாம் கரும்புச் சக்கையைத் துப்பிக்கொண்டே நடந்தது.

19 ஜனவரி, ஞாயிறு

லிங்கராஜ் தனியாகவே கூட்டிப்போனான். நல்லது.

20 ஜனவரி, திங்கள்

 நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

காலையில் லிங்கராஜ் ஒரு வாளியோடு வந்தான். கடைக்காரப் பிள்ளை, வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்ப அவனுக்கு வராது. மளிகை வாங்கிய பிள்ளைக்கு ஒரு துண்டு வெல்லம் கொசுறாகக் கொடுத்த பழக்கத்தில், உலா முடிந்து இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடையில் வாங்கிய மெருகேற்றிய சங்கொன்றைப் பையில் போட்டுக் கொடுப்பானாம். நேற்று மூன்று பிள்ளைகளுக்குச் சங்கு போதவில்லை.

“ஒருத்தனுக்குக் குடுத்து ஒருத்தனுக்கு இல்லன்னு சொல்ல முடியுமா அத்த? பாறையில நானே கெடந்து தேடுனேன். கடைச் சங்குல இவ்வளவு பளபளப்பு கெடையாது. உங்களுக்கும் ஒண்ணு எடுத்து வச்சேன், பாருங்க.”

வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். பழுப்பு வலை போட்டாற்போலக் கோலமிட்ட, அழகான கூம்புச் சங்கு. அதன் குறுகிய முனையிலிருந்து ஒரு சிறு குழல் மெல்ல வெளியே நீண்டு தண்ணீரை மோந்துகொண்டிருந்தது.

உயிருள்ளது. அதன் வாய்க்குள் நஞ்சு தோய்ந்த ஊசி இருக்கிறது. மீனையும் நத்தையையும் குத்தித் தின்னும் பிராணி. மனிதனைக் குத்தினால் மூச்சு நின்றுபோகவும் கூடும். இதைத்தான் இவன் பாலிதீன் பையில் போட்டுப் பிள்ளைகள் கையில்...

“ஏலே மடையா, மத்த மூணும் எங்கலே?”

அது என்ன பிராணி என்று சொன்னதும் அவன் முகத்தில் இரத்தமே இல்லை.

தொலைபேசியை நான்தான் எடுத்துப் பேசினேன். அவன் எண்களைத் தேடிக் கொடுத்தான். முதல் வீட்டில் “அந்த நாத்தம் புடிச்ச சங்கா? ராவோட ராவா வெளிய எறிஞ்சாச்சு” என்றார்கள். இடுக்கியால் எடுத்துப் புதைக்கச் சொன்னேன். இரண்டாவது வீட்டு அம்மாளும் அதையே சொன்னாள். கூடவே, காசு வாங்கிக்கொண்டு அழுகல் கொடுப்பதா என்று ஏசினாள். ஏசட்டும்.

மூன்றாவது, சாயர்புரம். ஐந்து வயதுப் பையன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை.

வேனில் போனோம். வழியெல்லாம் லிங்கராஜ் ஒன்றையே சொன்னான்: “காதுல வச்சுக் கேளுலே, கடல் சத்தம் கேக்கும்னு நாந்தான் அத்த சொன்னேன். நாந்தான் சொன்னேன்.” வாயை மூடு, ரோட்டைப் பார் என்றேன். எனக்கும் அந்தக் காதுதான் கண்முன் நின்றது.

வீடு திறந்திருந்தது. பையனின் தாய் இன்பமணி கொல்லையில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்திருக்கிறாள். நான் மூச்சிரைக்க, “பிள்ளை எங்கம்மா?” என்றேன்.

“உள்ள மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்கான். நீங்க யாரு?”

சொன்னேன்.

“நல்ல கொசுறு குடுத்திய, போங்க! நேத்து சாயங்காலமே வீடு பூரா செத்த எலி வாடை. தலைமாட்டுல வச்சுப் படுப்பேன்னு ஒரே அழுகை. நான் விடுவனா? வெளக்குமாத்தால முறத்துல தள்ளி, சாம்பலப் போட்டுத் தென்னை மூட்டுல புதைச்சேன். கையால தொடவே கூசுச்சு.”

பையன் கதவிடுக்கில் நின்று என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தான். கை, கால், காது எல்லாம் ஒழுங்காக இருந்தன. மூக்கு மட்டும் ஒழுகிற்று. இரு நாசியிலும்.

அவர்களிடம் உண்மையை மறைக்கவில்லை. லிங்கராஜே சொன்னான். இன்பமணி முறத்தை ஓங்கியேவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மூன்று பிள்ளைகளையும் காப்பாற்றியது தாய்மாரின் அருவருப்பு. அன்போ படிப்போ அல்ல. “ஐயோ பாவம், ஆசைப்படுகிறான்” என்று இன்பமணி இளகியிருந்தால்? அதற்குமேல் எண்ண விருப்பமில்லை.

21 ஜனவரி, செவ்வாய்

வாளிச் சங்கை நேற்று மாலையே இடுக்கியால் எடுத்துக் கடலில் விட்டாயிற்று.

லிங்கராஜ் வந்து அழுதான். “வேன வித்துருதேன் அத்த. கடையத் தெறந்து பருப்பே நிறுக்கேன்.” ஐம்பதை நெருங்கும் ஆண் மூக்கைச் சட்டைக் கையில் துடைப்பது காணச் சகியாத காட்சி. வெந்நீர் கொடுத்து அனுப்பினேன். 

24 ஜனவரி, வெள்ளி

இவன் வேனை விற்றால் ஒரு பயலும் வீட்டில் தங்கப்போவதில்லை. எதையும் அறியாமல், எதையும் தொட்டுக்கொண்டு, அதே முட்டைகளோடு போவார்கள். கொசுறு இல்லாமலே சங்கு கைக்கு வரும்.

அனுசியாவை அழைத்து அவளிடமே சொன்னேன்: உயிருள்ளது எதையும் எவரும் தொடக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது, கொண்டுபோன குப்பை திரும்பி வர வேண்டும். கொசுறு அறவே கிடையாது. இதற்கு ஒப்புக்கொண்டால் ஏதாவது பார்க்கலாம் என்றேன்.

“கொசுறு இல்லன்னா அவுகளுக்கு ஒறக்கம் வராது” என்றாள். வராமல் போகட்டும்.

9 பிப்ரவரி, ஞாயிறு

ஏழு பிள்ளைகள். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாறையருகே குனிந்து பார்க்கச் செய்தேன். ஒரு தாய், “ஸ்கூல் மாதிரில்லா இருக்கு” என்று முணுமுணுத்தாள். ஆமாம் என்றேன். ஒரு தகப்பன் ஏப்பம் விட்ட விதம் எழுத்தில் அடங்காது.

திரும்புகையில், என் பக்கத்தில் இருந்த பெண் குழந்தை துறைமுக வளைவில் வேன் திரும்பியதும் என் மடியிலேயே வாந்தி எடுத்தது. புளியோதரை, முழு நிலக்கடலைகள். எடுத்து முடித்துவிட்டு, மிச்சமிருந்த சேலையில் வாயைத் துடைத்துக்கொண்டு, கூம்புச் சங்குக்குக் கண் உண்டா என்று கேட்டது. உண்டு என்றேன். பின் அப்படியே சாய்ந்து உறங்கிவிட்டது. ஊர் வரும்வரை நகர முடியவில்லை.

சேலையை மூன்று தரம் அலசியும் புளி வாடை போகவில்லை. பருத்தி இனி ஞாயிற்றுக்கு ஆகாது. பீரோவின் அடித்தட்டில் பழைய நைலக்ஸ் சேலை ஒன்று கிடந்தது. எடுத்து வெளியே வைத்திருக்கிறேன்.