ஒரே கொய்யாவில் இரண்டு கூட்டம்

அன்பான அப்பாவுக்கு,

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். நீங்கள் போனபின் நம் தோட்டத்தைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உண்மை உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஈயை வாசத்தால் இழுக்கும் மருந்துக் கட்டையை மாற்றியும் பொறியில் கொஞ்சம் ஈதான் விழுகிறது, கொய்யாவுக்குள் மட்டும் புழு நெளிகிறது என்று கடைசிவரை சொன்னீர்கள். யாரும் நம்பவில்லை. "உங்கப்பன் மருந்துக் கட்டைய மாத்தாம உட்டுப்போட்டான் கண்ணு. பொறி மேல ஈக்குக் கோவமா என்ன?" என்று பெரியப்பா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. தை பிறந்ததும் மரங்களை வெட்டிவிடலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டார்.

அமாவாசைப் படையலில் உங்கள் படத்துக்கு முன்னால் நம் தோட்டத்துக் கொய்யாவை வைத்தோம். மேலே ஊசித்துளைகூடத் தெரியவில்லை. மறுநாள் எடுத்தபோது விரல் உள்ளே இறங்கிவிட்டது. உங்களுக்கு வைத்ததை எப்படி எறிவது? மணல் போட்ட கண்ணாடிப் புட்டியில் வைத்து, வாயைத் துணியால் கட்டினேன். புழுக்கள் மணலுக்குள் போய் மறைந்தன. ஒரு காலையில் பார்த்தால் புட்டி நிறைய ஈக்கள். லென்ஸ் வைத்து இறக்கை, கால், முதுகுக் கோடு எல்லாம் ஒப்பிட்டேன். வித்தியாசமே இல்லை.

பழ ஈக்களை ஆராயும் சுகன்யா அக்கா கோவையிலிருந்து வந்து பாதியை எடுத்துப்போனார். மலைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கோபி வரைக்கும் தோப்புத் தோப்பாக ஈ பிடித்து மரபணுவைப் பார்க்கிறவர். போன வாரம் முடிவோடு வந்தார்.

"மலையும் தூரமும் பிரிச்சா மரபணு கொஞ்சங்கொஞ்சமா மாறுமுங்க. அப்படி மாறினாலும் அது ஒரே இனந்தான்," என்றார் அம்மாவிடம். "இங்க நடுவுல ஒரு தடையும் இல்லீங்க. ஒரே பழத்துல வளருது. அப்படியும் ரெண்டு கூட்டம் கலக்கவே இல்ல. ரெண்டும் வேற வேற இனமுங்க. அதுல ஒண்ணுதான் இந்த மருந்து வாசத்துக்குப் பொறியில விழுது, மத்தது வர்றதேயில்லீங்க."

அம்மா உங்கள் படத்தைப் பார்த்தார். "அப்ப அவரு கட்டைய மாத்தித்தான் இருக்காரு," என்றார். உடனே பெரியப்பாவைக் கூப்பிட்டு, மரம் நிற்கட்டும் என்று சொல்லிவிட்டார்.

மீதி ஈக்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி நடக்கின்றன, மற்றது அங்கே இல்லாததுபோல. ஒரே இடத்தில் இருந்தும் இப்படி ஒன்றையொன்று காணாமல் இருக்க முடியுமா? காலையில் சுவரோரம் தள்ளிய உங்கள் நாற்காலி மாலையில் ஜன்னல் பக்கம் இருக்கிறது. அம்மா தொடவில்லை என்கிறார். நானும் தொடவில்லை. அப்பா, நீங்கள் இங்கேதான் இருக்கிறீர்களா?

உதிர்ந்த பழம் ஒன்றையும் மண்ணில் கிடக்க விடமாட்டேன். ஆழக் குழி வெட்டிப் புதைப்பேன். பிஞ்சுகளுக்குப் பை கட்டுவேன். இது சத்தியம்.

அந்தி மங்கினால் ஒரு கூட்டம் மட்டும் இறக்கை அடிக்கும், மற்றது அசையாது என்றார் அக்கா. புட்டியை உங்கள் நாற்காலியில் வைத்திருக்கிறேன். ஜன்னலில் மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். சத்தம் தொடங்கிவிட்டது. இருட்டினால் நீங்களும் அசைவீர்களோ என்று வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்தாயிற்று.

உங்கள் சொல்லை நம்பும் மகள்,
யாழினி