ராணியின் சடைக்கு ஒரு கட்டு

டிச. 28, ஞாயிறு

காலையில் நல்ல பனி. முந்திரித் தோப்புப் பக்கம் ரோடே தெரியவில்லை. முதல் ட்ரிப் டிரைவர் உருட்டிக்கொண்டுதான் போனார். டிக்கெட் மெஷினுக்குப் பேப்பர் ரோல் கேட்க வேண்டும்.

பஸ் முழுக்க ஒரே பேச்சு. காணும் பொங்கலுக்கு ஊரில் பெண்கள் கபடி. மேரிதான் விழா கமிட்டியில் போய்க் கேட்டதாம். மேரி ஆவூர்ப் பெண், இங்கே வாழ வந்தவர். முந்திரி உடைக்கிற ஷெட்டில் என் மனைவி ராணிக்குப் பக்கத்து இடம். கமிட்டித் தலைவர் சரி என்று சொல்லிவிட்டு ஒன்று சேர்த்துச் சொன்னாராம். அன்றைக்கு ஏழு பேர் வந்து நிற்காவிட்டால் இனி எந்த வருஷமும் இந்தப் பேச்சு எடுக்கக் கூடாது.

பின் சீட்டில் ஒருவர்: "ஏழு பொம்பளையா? கோலம் போடவே அத்தன பேரு சேர மாட்டாங்க."

டிக்கெட் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஏழில் ஒன்று என் மனைவி என்று அவருக்குத் தெரியாது.

சாயங்காலம் பள்ளிக்கூட மைதானத்தில் முதல் பயிற்சி. வேப்பமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். மற்ற ஆறு பேரும் புதுசு. சேலைக்கு மேலே சட்டை, சுடிதார், நைட் பேண்ட் என்று ஆளுக்கொரு கோலம். ராணி காலேஜில் ஆடியவள், கல்யாணத்துக்குப் பிறகு ஆடியதே இல்லை. பாடிக்கொண்டு போனாள். தொட்டாள். திரும்பினாள். இத்தனை வருஷம் கூட இருந்திருக்கிறேன், இவள் இப்படித் திரும்புவாள் என்று எனக்குத் தெரியாது.

டிச. 31, புதன்

மேகமூட்டம். மழை இல்லை.

ராணிக்குப் பிடரியில் அரிப்பு. காதுக்குப் பின்னால் தடித்திருக்கிறது. இடுப்பு வரை முடி. ஆடும்போது அவிழாமல் இருக்கப் பயிற்சிக்கென்று கெட்டி ரப்பர்பேண்டாக வாங்கி இறுக்கிக் கட்டுகிறாள். வியர்வையாக இருக்கும் என்றாள். தேங்காய் எண்ணெய் தடவினேன்.

ஜன. 2, வெள்ளி

அரிப்பு கொப்புளமாகிவிட்டது. லீவு போட்டு ஜி.எச். கூட்டிப் போனேன். கூட்டம். டாக்டரம்மா கழுத்தைப் பார்த்தார், அப்புறம் கையைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்ட மாதிரி சிவப்பாக ஒரு வட்டம். கட்டாத நேரத்தில் ராணி ரப்பர்பேண்டைக் கையில் மாட்டிக்கொள்வாள். நாங்கள் இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

ரப்பர் ஒத்துக்கொள்ளவில்லையாம். களிம்பு எழுதினார். எலாஸ்டிக் எதுவும் கூடாது, ஆறும் வரை நைலான், பாலியெஸ்டர் பக்கமும் போக வேண்டாம் என்றார். ராணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கபடி வெளையாடலாமுங்களா?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். முடியை எதிலாவது கட்டிக்கொண்டு ஆடுங்கள், ரப்பரில் மட்டும் வேண்டாம் என்றார்.

எதில்?

ஜன. 4, ஞாயிறு

வெயில். பு.கோட்டை ட்ரிப் இடைவெளியில் பேன்சி ஸ்டோர்.

ரப்பர் இல்லாத ஹேர்பேண்ட் கேட்டேன். கடைக்காரர் ஒரு தட்டு நிறைய எடுத்துப் போட்டார். துணி சுற்றியது, உள்ளே எலாஸ்டிக். வெல்வெட், உள்ளே எலாஸ்டிக். பட்டு மாதிரி மினுங்குவது பாலியெஸ்டர், அதற்குள்ளும் எலாஸ்டிக். கிளிப் பிளாஸ்டிக். ரிப்பன் நைலான். பக்கத்தில் நின்ற அம்மா, "யாருக்கு, மகளுக்கா?" என்று கேட்டார். மனைவிக்கு, கபடி ஆட, என்றேன். அந்தம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, பாவாடை நாடா நூலில் கிடைக்கும், கட்டிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

நாடா வாங்கினேன். கொத்தமல்லி மறந்துபோச்சு.

ஜன. 7, புதன்

நாடா தோற்றது. நடக்கும்போது நிற்கிறது. ஓடினால் வழுக்குகிறது. ராணியின் முடி அப்படி. நேற்றுப் பயிற்சியில் முடி பாதியில் அவிழ்ந்து முகத்தில் விழுந்து, கண் தெரியாமல் மேரி மேலேயே மோதிவிட்டாள். மேரிக்கு உதட்டில் வீக்கம்.

இன்று வாழைநார். பூக்கடையில் கேட்டு வாங்கி வந்தேன். தண்ணீரில் ஊறவைத்து மூன்று இழையாகப் பின்னினாள். ஈரமாக இருந்தவரை கம்பி மாதிரி பிடித்தது, எனக்கே சந்தோஷம். காய்ந்ததும் மொடமொடப்பு. அவிழ்க்கும்போது முடியும் சேர்ந்து வந்தது. புண்ணில் உரசி ரத்தம். ராணி நாரைச் சுருட்டிக் கொடியில் மாட்டினாள். "பூவுக்குச் சரி" என்றாள்.

ஜன. 9, வெள்ளி

எல்லாரும் ஒரே யோசனை சொல்கிறார்கள். முடியை வெட்டு. ஷெட் மேஸ்திரி சொன்னார். என் அக்கா போனில் சொன்னது. நானும் சொன்னேன், இன்று காலையில், பல் விளக்கிக்கொண்டே.

ராணி கோபப்படவில்லை. "முடியும் எனக்குப் புடிக்கும், வெளையாட்டும் எனக்குப் புடிக்கும். ஒண்ண விட்டாத்தான் இன்னொண்ணுன்னு யாருங்க சொன்னது?"

வாய் கொப்பளித்துவிட்டு டூட்டிக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் நாளெல்லாம் அதே நினைப்பு. ஸ்டாப்பை மறந்து விசில் அடிக்காமல் விட்டேன், ஒருவர் திட்டினார்.

மாலை: வேப்பங்குச்சியைச் சீவி, வழவழவென்று தேய்த்து, கொண்டையில் குறுக்கே செருகினாள். ரொம்ப அழகு. அசையவே இல்லை. ஆனால் நடுவராக வரப்போகும் பி.டி. மாஸ்டர் பார்த்துவிட்டு, குச்சி, ஊசி, கிளிப் எதுவும் கோட்டுக்குள் வரக் கூடாது, யார் கண்ணிலாவது குத்தும் என்றார். நியாயம்தான். ஷெட்டுக்கு மட்டும் குச்சி என்று வைத்துக்கொண்டாள்.

கமிட்டித் தலைவர் மேரியிடம், "ராணிக்கு முடியலன்னா சொல்லிருங்க, போஸ்டர்ல பேர எடுத்துரலாம்" என்றாராம். ராணி இல்லாவிட்டால் மற்றவர்கள் நிற்க மாட்டார்கள். அது அவருக்கும் தெரியும்.

ஜன. 11, ஞாயிறு

லேசான தூறல். சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டேன். கை துடைக்கக் கிழிந்த பனியன் ஒன்று கேட்டேன்.

ராணி எடுத்து வந்தவள் கொடுக்கவில்லை. வாசலில் நின்று இழுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இழுத்தால் நீள்கிறது. விட்டால் திரும்புகிறது. கத்தரிக்கோல் எடுத்து மேலிருந்து கீழாக ஒரு பட்டை வெட்டினாள். அது அவ்வளவாக நீளவில்லை. பனியனைத் திருப்பிப் போட்டுக் குறுக்காக வெட்டினாள். பட்டை தானாகவே ஓரம் சுருண்டு கயிறு மாதிரி ஆனது. அதோடு, பனியனுக்குப் பக்கவாட்டில் தையல் கிடையாது இல்லையா, குறுக்கே வெட்டினால் முழு வளையமாகவே வருகிறது. முடிச்சு இல்லை, தையல் இல்லை. சடையில் சுற்றிச் சுற்றி மாட்டினாள். தலையை உதறினாள். குனிந்து நிமிர்ந்தாள். தூறலிலேயே வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓடினாள்.

நின்றது.

நான் எண்ணெய்க் கையோடு உட்கார்ந்திருந்தேன்.

அதோடு விடவில்லை அவள். என் பனியன்களில் எல்லாம் ஒரு நூல் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினாள். காகிதம் எரிகிற வாசனையும் சாம்பலும் வந்தால் பருத்தி. உருகி மணியாகத் திரண்டால் வேறு ஏதோ கலந்தது. நல்ல விலை கொடுத்து வாங்கிய ஒன்று உருகியது. ஏமாந்திருக்கிறேன்.

ஜன. 13, செவ்வாய்

அரிப்பு இல்லை. புண் காய்கிறது. ஏழு பேருக்கும் வளையம் வெட்டிவிட்டாள். வெந்நீரில் அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். மேரி வந்து தன் பங்கை எடுத்துப் போனது. ரப்பர் போட்டுப் போட்டு நெற்றி ஓரம் முடி கொட்டுவது இதில் நிற்கும் என்று மேரிக்கு நம்பிக்கை. ஷெட்டில் மற்ற பெண்களும் கேட்கிறார்களாம். எல்லார் வீட்டிலும் பழைய பனியன் இருக்கிறது, அவரவர் வெட்டிக்கொள்ளுங்கள் என்று ராணி காட்டிக் கொடுத்தாளாம்.

கரும்பு, மஞ்சள் கொத்து, புதுப் பானை. வாங்கியாயிற்று. வெல்லம் நாளை.

ஜன. 17, சனி

சுள்ளென்று வெயில். லீவு.

எதிர் அணி பு.கோட்டை காலேஜ் பெண்கள். ஒரே மாதிரி ஜெர்சி, ஷூ. நம்மவர்கள் வெறுங்கால். ஏழு பேரும் வந்து நின்றார்கள். ஏழு சடை, ஏழு வெள்ளை வளையம். கமிட்டித் தலைவர் மைக்கில் பெயர் வாசித்தார், ராணி பெயரில் கொஞ்சம் தடுமாறினார்.

முதல் பாதி மோசம். பிடிக்கத் தெரியவில்லை. மேரி ஒருத்தியை இடுப்போடு கட்டித் தூக்கிய பிறகுதான் நம் பக்கம் சத்தமே வந்தது. இரண்டாம் பாதியில் ராணி. போகிறாள், தொடுகிறாள், வருகிறாள். ஒருமுறை எதிரணிப் பெண்ணின் கை தவறிச் சடையில் சிக்கி இழுத்தது. கூட்டம் ஓ என்றது. ராணி கையைக் காட்டி ஒன்றுமில்லை என்றாள். வளையம் அப்படியே இருந்தது.

கடைசிப் பாட்டு, ராணி போனாள். மூன்று பேர் சேர்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டார்கள். விழுந்தாள். விழுந்தும் பாட்டை விடவில்லை. கபடி கபடி என்று மண்ணில் வாயை வைத்துக்கொண்டே மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். முழங்கை. அப்புறம் இன்னொரு முழங்கை. விரலை நீட்டினாள். நடுக்கோடு.

மூன்று பாயிண்ட். அப்படியும் தோற்றோம், ஒரே ஒரு பாயிண்டில். ஆனால் யாரும் எழுந்து போகவில்லை. அந்தக் காலேஜ் கேப்டன் வந்து ராணியிடம் எங்கே பயிற்சி எடுக்கிறீர்கள் என்று கேட்டது. சடையைத் தொட்டுப் பார்த்து, "இது என்னக்கா?" என்றும் கேட்டது. கமிட்டித் தலைவர் மைக்கில், அடுத்த வருஷம் பெண்கள் ஆட்டம்தான் முதலில் என்று சொல்லிவிட்டார். பஸ்ஸில் கோலம் பற்றிப் பேசியவரும் கூட்டத்தில் நின்றார். கை தட்டினார், பார்த்தேன்.

ஜன. 18, ஞாயிறு

டூட்டி மதியம்தான். ராணிக்கு உடம்பெல்லாம் வலி. முழங்கை இரண்டும் சிராய்ப்பு. கட்டிலில் படுத்துக்கொண்டே கேட்டாள், ஊரே பேசுகிறது, நீங்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையே என்று.

எனக்குச் சொல்லத் தெரிந்தால்தானே.

"நீ விழுந்து கெடந்தும் பாடுனப்ப எனக்கு மூச்சே நின்னு போச்சு" என்றேன்.

"பாடுனது நானு. ஒங்களுக்கு எதுக்குங்க மூச்சு நிக்கணும்?"

சிரித்தாள். சிரித்தால் விலா வலிக்கிறதாம், பிடித்துக்கொண்டு சிரித்தாள். வெந்நீர் கொதிக்கிறது, போய் இறக்க வேண்டும்.